பல் டாக்டர் பயம்: தைரியம் வேண்டாம், ஏற்பாடு போதும்

வலது பக்கம் வலிக்கிறது என்று இடது பக்கமாகவே மென்று சாப்பிடப் பழகிக்கொண்டவர்கள் நிறையப் பேர் உண்டு. குளிர்ந்த தண்ணீர் குடிக்கும்போது அந்தப் பல்லை நாக்கால் மூடிக்கொள்வார்கள். வலி கூடினால் ஒரு மாத்திரை, குறைந்தால் ‘சரியாகிவிட்டது’ என்று ஒரு நிம்மதி. ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்டால் நேரமில்லை என்பார்கள், செலவாகும் என்பார்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பயம்.

இவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கிற அறிவுரை, “பயப்படாதீங்க, ஒன்றும் ஆகாது” என்பது. இதைவிடப் பயனில்லாத அறிவுரை இருக்க முடியாது. போ என்று சொன்னால் போகிற பயம் என்று ஒன்று உண்டா என்ன? ஆனால் பல் சிகிச்சைப் பயத்தில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. எதைக் கண்டு பயப்படுகிறோம் என்று துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால், அநேகமாக ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே செய்துகொள்ளக்கூடிய ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கப் பெரிய தைரியம் எதுவும் தேவையில்லை. என்ன கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

எவ்வளவு பயம், எதில் பயம்?

பல் சிகிச்சைப் பயத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. நார்மன் கோரா என்பவர் 1969இல் நான்கு கேள்விகளோடு ஓர் அளவுகோலை உருவாக்கினார். ஜெரி ஹம்ஃப்ரிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995இல் அதில் ஊசியைப் பற்றிய கேள்வியைச் சேர்த்து ஐந்தாக்கினார்கள். நாளைக்குப் பல் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கும்போது? பல்லை டிரில் செய்யப் போகிறார்கள் எனும்போது? பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யப் போகிறார்கள் எனும்போது? மேல் கடைவாய்ப் பல்லுக்கு மேலே, ஈறில் ஊசி போடப் போகிறார்கள் எனும்போது? பதற்றமே இல்லை என்றால் 1, பதற்றம் உச்சத்தில் என்றால் 5. கூட்டினால் குறைந்தது 5, அதிகபட்சம் 25 வரும். 19 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான பயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

என்னைக் கேட்டால், கூட்டுத்தொகையைவிட எந்தக் கேள்விக்கு 5 விழுந்தது என்பதுதான் முக்கியம். காத்திருப்பதற்கு 5, ஊசிக்கு 2 என்று போடுகிறவருக்குத் தேவை காலையில் முதல் ஆளாக ஒரு நேரம், அவ்வளவுதான். ஊசிக்கு மட்டும் 5 போடுகிறவருக்குத் தேவையானது வேறு. டிரில் சத்தம்தான் பிரச்சினை என்பவருக்கு வேறு. எல்லாவற்றுக்கும் 5 என்றாலும் வழி இருக்கிறது, கடைசிப் பகுதிகளில் வருகிறேன். இந்த ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்துவிடலாம். வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

பயம் எப்படி ஊறிப்போகிறது

உட்காரும் நிலையையே யோசித்துப் பாருங்கள். மல்லாந்து படுத்திருக்கிறீர்கள். வாய் திறந்திருக்கிறது, பேச முடியாது. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அறிமுகமில்லாத ஒருவர். அவர் கையில் கூர்மையான ஏதோ ஒன்று, அது என்ன செய்கிறது என்று உங்களால் பார்க்க முடியாது. இதில் பயப்படாமல் இருப்பதுதான் ஆச்சரியம். வலியைப் பற்றிய பயம் என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் ‘என்ன நடக்கிறதென்று தெரியாது, நிறுத்தச் சொல்லவும் முடியாது’ என்ற பயம்தான்.

சின்ன வயதில் நடந்த ஒரு மோசமான அனுபவத்திலிருந்து தொடங்குவது பலருக்கு வழக்கம். கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டு பல் பிடுங்கியது, வலிக்கிறது என்று அழுதபோது அதட்டியது, இப்படி. சிலர் தாங்களே எதையும் அனுபவித்திருக்க மாட்டார்கள். அம்மாவோ அண்ணனோ சொன்ன கதை போதுமாயிருந்திருக்கும். பல்லுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. வேறொரு சமயத்தில் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளானவர்களுக்கு, ஒருவர் மேலே குனிந்து நிற்க அசையாமல் படுத்திருப்பதே தாங்க முடியாததாக இருக்கலாம். அவர்கள் காரணத்தை விளக்க வேண்டிய அவசியம் இல்லை. “எனக்கு முழுவதும் சாய்ந்து படுப்பது கஷ்டம், நாற்காலியைக் கொஞ்சம் நிமிர்த்தி வையுங்கள்” என்று சொன்னால் போதும்.

அப்புறம் நினைவு செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. ஜெரி கென்ட் என்ற ஆய்வாளர் 1985இல் ஒரு விஷயத்தைக் காட்டினார். சிகிச்சைக்கு முன்னால் எவ்வளவு வலிக்கும் என்று நினைக்கிறீர்கள், முடிந்ததும் எவ்வளவு வலித்தது, மூன்று மாதம் கழித்து எவ்வளவு வலித்ததாக ஞாபகம் என்று மூன்று முறை கேட்டார். அதிகம் பயப்படுகிறவர்களுக்கு மூன்று மாதம் கழித்து நினைவில் நின்ற வலி, உண்மையில் பட்ட வலியோடு ஒத்துப்போகவில்லை. போவதற்கு முன்னால் அவர்கள் எதிர்பார்த்த வலியோடுதான் ஒத்துப்போனது. பட்டதை மறந்துவிட்டு, பயந்ததை நினைவில் வைத்துக்கொள்கிறது மனசு. ஒவ்வொரு முறையும் நல்லபடியாகத்தான் போய்வந்தோம், ஆனாலும் அடுத்த முறை அதே பயம் என்று புலம்புகிறவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது.

போகாமல் இருப்பது பயத்தைக் குறைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் பெர்க்ரென் 1984இல் இதை ஒரு சுற்றாக விவரித்தார். பயத்தால் போகவில்லை, போகாததால் பல் கெடுகிறது, கெட்டதால் வெட்கம் வருகிறது, இந்த வாயை எப்படிக் காட்டுவது என்று, வெட்கம் பயத்தோடு சேர்ந்துகொள்ள, இன்னும் போகவில்லை. கடைசியில் வலி தாங்காமல் போகும்போது சொத்தையை அடைப்பதோடு முடிந்திருக்க வேண்டியது ரூட் கெனால் ஆகியிருக்கும், அல்லது பிடுங்க வேண்டியிருக்கும். ‘நான் பயந்தது சரிதான்’ என்று மனசு முடிவுகட்டிவிடும்.

அந்த வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சொத்தைப் பல், தேய்ந்த பல், காறை படிந்த பல் இவற்றைப் பார்ப்பதுதான் பல் டாக்டரின் அன்றாட வேலை. உங்கள் வாயை விட மோசமான வாயை அவர் அந்த வாரத்திலேயே பார்த்திருப்பார். பார்த்ததும் திட்டத் தொடங்குகிற டாக்டர்களும் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. அப்படிப்பட்டவரிடம் மறுபடி போக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஊசியும் வலியும்

பல் சிகிச்சையில் வலியைத் தடுக்கும் முக்கிய ஆயுதமே பலர் பயப்படுகிற அந்த ஊசிதான். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம்.

இன்று மிகப் பரவலாகப் பயன்படுகிற மரப்பு மருந்து லிடோகெய்ன். நில்ஸ் லோஃப்கிரென் என்ற ஸ்வீடன் வேதியியலாளர் 1943இல் இதைத் தயாரித்தார், 1948இல் விற்பனைக்கு வந்தது. வலி என்பது நரம்பு வழியாக மூளைக்குப் போகும் மின் சமிக்ஞை. அந்தச் சமிக்ஞை உண்டாகச் சோடியம் அயனிகள் நரம்புக்குள் நுழைய வேண்டும். லிடோகெய்ன் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. பல்லில் என்ன நடந்தாலும் செய்தி மேலே போகாது.

ஆனால் எல்லாச் செய்தியும் நின்றுவிடாது. வலியைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் மெல்லியவை, சீக்கிரம் மரத்துப்போகும். அழுத்தத்தையும் தொடுகையையும் சொல்லும் இழைகள் தடிமனானவை, அவ்வளவு எளிதில் மரக்காது. அதனால்தான் நன்றாக மரத்துப்போன பிறகும் பல்லைப் பிடித்து அசைப்பது தெரிகிறது, டிரில்லின் அதிர்வு தாடையில் உணர்கிறது. பல் பிடுங்கும்போது இந்த அழுத்தம் நன்றாகவே தெரியும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், ‘ஐயோ, எனக்குத் தெரிகிறதே, மருந்து பிடிக்கவில்லை’ என்று பதறுகிறார்கள். அமுக்குவது, தள்ளுவது, அதிர்வது தெரிந்தால் அது எதிர்பார்த்ததுதான். சுரீர் என்று கூர்மையாகக் குத்தினால் மட்டும் அது வலி. உடனே நிறுத்தச் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

ஊசி குத்தும் வலியைக் குறைக்க மூன்று விஷயங்கள் உதவும். ஒன்று, குத்தும் இடத்தில் முதலில் மரப்பு ஜெல் தடவுவது. ஈறைத் துடைத்து ஈரம் போக்கி, ஜெல்லைத் தடவி ஒன்றிரண்டு நிமிடம் விட வேண்டும். தடவிய மறுநொடியே குத்தினால் தடவியதற்குப் பலன் இல்லை. இரண்டாவது, மருந்தை மெதுவாகச் செலுத்துவது. பல் ஊசியில் வலிப்பது பெரும்பாலும் ஊசிமுனை அல்ல; உள்ளே போகும் திரவம் திசுவை அழுத்தி விரிப்பதுதான் வலிக்கிறது. நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் என்பது நல்ல வேகம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஒரு குப்பியில் ஏறக்குறைய 1.8 மில்லிலிட்டர் இருக்கும், அதாவது முழுக் குப்பிக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். “கொஞ்சம் மெதுவாகப் போடுங்கள்” என்று கேட்பது நியாயமான கோரிக்கை. மூன்றாவது, ஊசியைப் பார்க்காமல் இருப்பது. கண்ணை மூடிக்கொள்ளலாம், டாக்டர்களும் பெரும்பாலும் அதைக் கண்ணில் படாமல்தான் எடுத்துவருவார்கள்.

மேல் அண்ணத்தில் போடும் ஊசி மட்டும் இவற்றையெல்லாம் செய்தாலும் கொஞ்சம் வலிக்கும். அங்கே திசு எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது, மருந்து பரவ இடமில்லை. வலிக்கவே வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சில நொடிகள் என்று தெரிந்துகொண்டு போவது மேல்.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறதா? பலருக்கு இது நடக்கும், தங்களுக்குப் பயத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். மருந்து அந்த இடத்திலேயே தங்குவதற்காக அதோடு கொஞ்சம் அட்ரினலின் சேர்ப்பது வழக்கம். அது ரத்தத்தில் கலந்தால் இதயம் சில நிமிடம் வேகமாகத் துடிக்கும், கை லேசாக நடுங்கும். தானாக அடங்கிவிடும். முன்னால் இப்படி ஆகியிருந்தால், அல்லது இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்; அட்ரினலின் குறைந்த அல்லது அது இல்லாத மருந்தும் இருக்கிறது.

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்கள் தனிக் கதை. அங்கே எலும்பு கெட்டியானது, பல்லுக்குப் பக்கத்தில் போட்டால் மருந்து ஊடுருவாது. தாடையின் பின்பகுதியில் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்கு அருகே போட வேண்டும். நரம்பு எங்கே இருக்கும் என்பது ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், அதனால் முதல் ஊசியில் சரியாக மரக்காமல் போவது அரிதான விஷயம் இல்லை. பாதி உதடும் தாடை நுனியும் தடித்ததுபோல் ஆகும்வரை பொறுக்க வேண்டும். அப்படி ஆகவில்லை என்றால் சொல்லுங்கள். ‘எனக்கு மட்டும் மருந்து பிடிக்காது’ என்று வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருப்பவர்கள் சிலருக்கு நடந்தது இவ்வளவுதான்: முதல் ஊசி இடம் தவறியது, மரக்கும்முன் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

சீழ் பிடித்த பல்லில் மருந்து சரியாக வேலை செய்யாமல் போவதற்கும் காரணம் உண்டு. வீங்கிய திசுவில் அமிலத்தன்மை கூடிவிடும். அங்கே லிடோகெய்ன் நரம்புக்குள் நுழையும் வடிவத்தில் போதுமான அளவு இருக்காது. வலி உச்சத்தில் இருக்கும்போது போனால் மரக்க வைப்பது கடினம், வலி இல்லாதபோது போனால் சுலபம். பயத்தால் தள்ளிப்போடுகிறவர்கள் கடைசியில் மருந்து பிடிக்காத நாளாகப் பார்த்துப் போய்ச் சேர்கிறார்கள்.

இங்கே ஒரு பழைய செய்தி ஞாபகம் வருகிறது. அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து பரவியதில் பல் டாக்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1844 டிசம்பர் 11 அன்று நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே ஒரு சக மருத்துவரை விட்டுப் பிடுங்கச் செய்தார். 1846இல் பாஸ்டனில் ஈதரை வைத்து அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்துக் காட்டிய வில்லியம் மார்ட்டனும் பல் மருத்துவர்தான். நோயாளியின் வலியைப் பார்த்து மற்ற எல்லோருக்கும் முன்னால் அலுத்துப்போனவர்கள் இவர்கள்தான் போலிருக்கிறது.

கட்டுப்பாட்டைக் கையில் வைத்துக்கொள்வது

முதல் முறை போகும்போது எந்தச் சிகிச்சையும் செய்துகொள்ள வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதிப் பயம் கழன்றுவிடும் என்பது என் கருத்து. போனில் நேரம் கேட்கும்போதே சொல்லலாம்: “எனக்குப் பல் சிகிச்சை என்றால் ரொம்பப் பயம். முதல் தடவை பேச மட்டும் வருகிறேன். பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் போதும்.” இதற்கு எப்படிப் பதில் வருகிறது என்பதிலேயே அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடும். அவசரப்படுத்தினால், சிரித்தால், வேறு இடம் பாருங்கள்.

அடுத்தது கை சைகை. இடது கையைத் தூக்கினால் டாக்டர் உடனே நிறுத்த வேண்டும் என்று தொடங்கும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேசியதோடு விடாமல், ஒன்றும் வலிக்காதபோதே ஒருமுறை தூக்கிப் பாருங்கள். உண்மையிலேயே நிறுத்துகிறார் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். நிறுத்தினால் உங்களுக்கு அந்தச் சைகை அப்புறம் தேவைப்படாமலேகூடப் போகலாம். நிறுத்தவில்லை என்றால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

‘சொல், காட்டு, செய்’ என்று குழந்தைகள் பல் மருத்துவத்தில் ஒரு முறை இருக்கிறது. என்ன செய்யப் போகிறேன் என்று சொல்வது, கருவியைக் காட்டுவது, பிறகு சொன்னபடியே செய்வது. பெரியவர்களும் இதைக் கேட்கலாம். ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவராது. சிலருக்கு ஒவ்வொரு அடியும் தெரிந்தால்தான் நிம்மதி. வேறு சிலருக்குத் தெரியத் தெரியத்தான் நடுக்கம். நீங்கள் எந்த ரகம் என்று டாக்டருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். “எதையும் விளக்க வேண்டாம், முடிந்ததும் சொல்லுங்கள்” என்று கேட்பதும் சரிதான்.

சத்தம் தாங்காதவர்களுக்கு இயர்போன் போதும். அந்தக் கீச்சென்ற ஒலி காற்றால் சுழலும் டிரில்லிலிருந்து வருகிறது. 1957இல் சந்தைக்கு வந்த இந்த வகைக் கருவி நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். கேட்கக் கொடூரமாக இருந்தாலும் இந்த வேகம் நமக்கு நல்லதே. அதற்கு முன்பு இருந்த டிரில் மெதுவாகச் சுற்றி, அதிர்ந்து, சூடேற்றி, நெடுநேரம் எடுத்துக்கொண்டது. பாட்டைவிடக் கதையோ பேச்சோ கேட்பது மேல் என்பார்கள் சிலர். கதையில் மனசு போய்விடும். சத்தத்தை மட்டும் டாக்டர் பேசினால் காதில் விழும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியில் செய்யக்கூடிய மூச்சுப் பயிற்சி ஒன்றுதான், அதுவும் எளியது. மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவது. வெளிவிடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு இறங்கும். காத்திருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். பதற்றம் உச்சிக்கு ஏறிய பிறகு தொடங்கினால் எண்ணவே வராது.

குமட்டல் வருகிறவர்களுக்கும் மூக்கு மூச்சுதான் முதல் மருந்து. அதோடு ஒரு காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் கவனம் அங்கே போய்க் குமட்டல் அடங்குவதுண்டு. பார்க்கத்தான் வேடிக்கையாக இருக்கும்.

மயங்கி விழுகிறவர்களுக்கு

ஊசியையோ ரத்தத்தையோ கண்டதும் சிலருக்குத் தலை சுற்றி மயக்கமே வந்துவிடும். இவர்களுக்கு மேலே சொன்ன மூச்சுப் பயிற்சி சரிப்படாது. மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இந்த வகையில் முதலில் ஏறி, பிறகு சட்டென்று விழும். தளர்வாக இரு என்று சொன்னால் இன்னும் விழும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் கோரான் ஓஸ்ட் இவர்களுக்காக நேரெதிரான பயிற்சி ஒன்றை உருவாக்கினார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்கிப் பிடிக்க வேண்டும், முகத்தில் லேசாகச் சூடு ஏறுவது தெரியும்வரை. பிறகு விட்டு, அரை நிமிடம் பொறுத்து, மறுபடி இறுக்க வேண்டும். இப்படி நாலைந்து தடவை. ரத்த அழுத்தம் விழாமல் நிற்கும். வீட்டில் சில நாள் பழகிவிட்டுப் போவது நல்லது. வெறும் வயிற்றோடு போகவும் வேண்டாம், மயக்க மருந்து கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தால் தவிர. மயங்குவேன் என்று முன்னாலேயே சொன்னால் நாற்காலியைச் சாய்த்து வைத்துத்தான் ஊசி போடுவார்கள்.

மருந்தின் உதவி

இத்தனைக்கும் பிறகும் முடியவில்லை என்றால் மருந்து இருக்கிறது, அதைக் கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. மிக லேசானது நைட்ரஸ் ஆக்சைடு, வெல்ஸ் முகர்ந்த அதே வாயு. இப்போது ஆக்சிஜனோடு கலந்து மூக்கு முகமூடி வழியாகக் கொடுக்கிறார்கள். தூங்க மாட்டீர்கள், பேசலாம், ஆனால் எதுவும் அவ்வளவு பெரிதாகத் தோன்றாது. நிறுத்திச் சில நிமிடம் ஆக்சிஜன் முகர்ந்தால் தெளிந்துவிடும். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் வேலை செய்யாது. கர்ப்பமாக இருந்தால் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை. அதற்கும் மேலே, கை ரத்தக்குழாயில் ஊசி வழியாகக் கொடுக்கும் அமைதி மருந்து. பலருக்கு நடந்தது சரியாக ஞாபகம்கூட இருக்காது. இந்த இரண்டுக்கும் துணைக்கு ஒருவர் வர வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. முழு மயக்கம் கடைசி வழி, மயக்க மருத்துவர் இருக்கும் இடத்தில் மட்டும். வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொண்டு போவதும், குடித்துவிட்டுப் போவதும் ஆபத்து. மரப்பு மருந்தும் அவையும் சேர்ந்து என்ன செய்யும் என்று டாக்டரால் கணிக்க முடியாமல் போகும்.

மருந்தில் ஒரு குறை, அது அன்றைய வேலையை முடிக்க உதவும், பயத்தை அப்படியே விட்டுவிடும். பயத்தையே குறைக்க வேண்டும் என்றால் மனநல ஆலோசகரோடு செய்யும் நடத்தைச் சிகிச்சை இருக்கிறது. பயம் தருவதைச் சின்னதிலிருந்து பெரியது வரை படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படியிலும் பதற்றம் தணியும்வரை நின்று, பிறகு அடுத்த படி. கிளினிக் வாசல்வரை போய்த் திரும்புவது முதல் படியாக இருக்கலாம். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இப்படிச் சிகிச்சை பெற்ற 130 பேரைப் பற்றி 2015இல் ஓர் அறிக்கை வந்தது. சராசரியாக ஐந்து அமர்வுகளில் 79 சதவீதம் பேர், அமைதி மருந்து இல்லாமலேயே பல் சிகிச்சை செய்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்கள். வருடக்கணக்கில் தூக்கிச் சுமந்த பயத்துக்கு ஐந்து அமர்வு என்பது மலிவான விலை.

வீட்டில் குழந்தைகள் இருந்தால்

‘சேட்டை பண்ணினால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்’ என்று மிரட்டுவதை நிறுத்துங்கள், அது போதும் பாதிக்கு. மீதிப் பாதிக்கு, வலி வரும்முன் அழைத்துப்போவது. முதல் பல் முளைத்ததிலிருந்து முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிடச் சொல்கிறார்கள் குழந்தைகள் பல் மருத்துவர்கள். அந்த வயதில் மடியில் உட்கார்ந்து வாயைக் காட்டுவதோடு சரி. ‘வலிக்கவே வலிக்காது’ என்று சத்தியம் செய்யாதீர்கள். வலித்துவிட்டால் டாக்டரோடு நீங்களும் பொய்யர் ஆகிவிடுவீர்கள். உங்களுக்கே நாற்காலியைக் கண்டால் கை நடுங்குமென்றால், அன்று மட்டும் வீட்டில் பயமில்லாத இன்னொருவரை அனுப்புவது நல்லது.

போய் வந்த பிறகு

கென்ட் சொன்ன நினைவுத் தந்திரத்தை முறியடிக்க ஒரு வழி, எழுதிவைப்பது. போவதற்கு முன்னால் எவ்வளவு வலிக்கும் என்று பத்துக்கு ஓர் எண் போடுங்கள். வெளியே வந்ததும், மரப்பு விடும் முன்னாலேயே, உண்மையில் எவ்வளவு வலித்தது என்று இன்னோர் எண். மரப்பு விட இரண்டிலிருந்து நாலு மணி நேரம் ஆகலாம். அதுவரை உதட்டைக் கடித்துக்கொள்ளாமல், சூடாக எதுவும் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விட்ட பிறகு கொஞ்சம் வலி இருக்கும், பல் பிடுங்கியிருந்தால் அதிகமாகவே. அதற்கு மூன்றாவதாக ஓர் எண் போட்டுவிடுங்கள், மாத்திரை என்ன, எப்போது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பயம் வந்து ‘போன தடவை உயிர் போயிற்றே’ என்று சொன்னால் தாளை எடுத்துப் பார்க்கலாம். எண் பெரிதாகத்தான் இருக்கிறது என்றால் அந்தத் தாளை டாக்டரிடமே காட்டுங்கள், எந்த இடத்தில் வலித்தது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

மெதுவாக, படிப்படியாக என்று இவ்வளவு நேரம் சொன்னதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. பல்வலியோடு முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சல் அடித்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால், அது தொற்று பரவுவதன் அறிகுறி. அன்றே, அந்த மணி நேரத்திலேயே, பல் கிளினிக் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அங்கேயும் முதல் வாக்கியமாக “எனக்கு ஊசி என்றால் பயம்” என்று சொல்லிக்கொள்ளலாம்.